செஷல்ஸ் கணக்கு

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸின் தலைநகர் விக்டோரியாவில் வந்து இறங்கிய புதிதில், எதைக் கண்டாலும் அது எந்த நாட்டுப் பணத்தில் வந்தது என்று விசாரிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. நாடாளுமன்றக் கட்டடம் சீனா கட்டிக்கொடுத்தது. துறைமுகத்துக்கு எதிரே சிறு தீவுகளில் சுற்றும் எட்டுக் காற்றாலைகள் அபுதாபியின் உபயம், 2013-இல் நிறுவியவை. கடலோரக் காவல் படையின் ரோந்துக் கப்பல்களில் சில இந்தியா கொடுத்தவை. நான் வேலைக்குப் போகும் அசோக் லேலண்ட் பேருந்து மட்டும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். அதில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "தெவான்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

கட்டுமானப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்குக் கணக்கர் வேலை. வெளிநாட்டாருக்கான வேலை அனுமதியை முதலாளிதான் எடுத்துத் தர வேண்டும். 'கெயின்ஃபுல் ஆக்குபேஷன் பெர்மிட்', சுருக்கமாக 'ஜி.ஓ.பி.' என்பார்கள். அது அந்த வேலைக்கு மட்டும்தான். மனைவி வேலைக்குப் போக வேண்டுமானால் அவருக்குத் தனி அனுமதி. மற்றபடி குடியேறுவதில் பெரிய சிரமமில்லை. குவின்சி தெருவில் ராஜகோபுரத்தோடு நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே போய் நின்றால் வீட்டு வாடகை முதல் மீன் விலை வரை எல்லாத் தகவலும் கிடைத்துவிடும்.

அரிசிக்கு மட்டும் ஒருமுறை பயந்தோம். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. மளிகைக் கடை அண்ணாச்சி, "பயப்படாதீங்க தம்பி, நம்ம ஆளுங்களுக்கு ஏதாவது வழி பண்ணுவாங்க" என்றார். அவர் வாக்குப் பலித்தது. அக்டோபரில் ஏழு நாடுகளுக்கு விலக்கு அளித்து உத்தரவு வந்தது. பிலிப்பைன்ஸுக்கு 2,95,000 டன், நேபாளத்துக்கு 95,000 டன், பட்டியலின் கடைசியில் செஷல்ஸுக்கு 800 டன். ஒரு பெரிய மாநிலத்தின் ரேஷன் கிடங்கில் எலி தின்னும் அளவுதான் அது என்று சிரித்தோம். ஆனாலும் இரண்டு அரசாங்கங்கள் பேசாமல் அந்த 800 டன்னும் வந்திருக்காது. உண்பதில் பெரும்பகுதி கப்பலில் வரும் ஊரில் வெளியுறவுத் துறையும் சமையலறையும் பக்கத்துப் பக்கத்து அறைகள்.

தண்ணீர்க் கதை அதைவிட விசித்திரம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை கொட்டும். ஆனால் விக்டோரியா இருக்கும் மாஹே தீவு கருங்கல் மலை. சரிவில் விழுந்த நீர் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும். மே மாதத்தில் தென்கிழக்குக் காற்று தொடங்கினால் வறட்சி. சில ஆண்டுகளில் குழாயில் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் விடுவார்கள். லா கோக் அணையை ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் கடனில் உயர்த்தினார்கள். பிராவிடன்ஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. ஆலை ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்தில் பெரும்பகுதிக்குக் கப்பலில் எண்ணெய் வர வேண்டும். எட்டுக் காற்றாலையும் சேர்ந்து 6 மெகாவாட்தான். பசுமைத் தீவு என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

என் தொழில் புத்திக்குத் தீனி போட்டது கடன் விவகாரம். 2008-இல் இந்த நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. பிறகு 2016-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது: 'பாரிஸ் கிளப்' என்று சேர்ந்து செயல்படும், கடன் கொடுத்த நாடுகளுக்குத் தர வேண்டியதில் 2.16 கோடி டாலரைத் தள்ளுபடி விலையில் திரும்ப வாங்குவது. அதற்கான பணத்தை 'நேச்சர் கன்சர்வன்சி' என்ற அமெரிக்க அமைப்பு கடனாகவும் நன்கொடையாகவும் திரட்டித் தந்தது. இனி தவணை வெளிநாட்டுக் கஜானாக்களுக்குப் போகாது. செய்கேட் என்ற உள்ளூர் அறக்கட்டளைக்குப் போகும்; அங்கிருந்து ஒரு பகுதி கடல் பாதுகாப்புத் திட்டங்களுக்கு. பதிலுக்கு அரசு கொடுத்த வாக்கு, தன் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது.

இந்த நாட்டின் நிலம் சென்னை மாநகராட்சி எல்லையைவிடச் சற்றே பெரிது. கடலோ தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு, 13.7 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 30 சதவீதம், அதாவது நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், 2020 மார்ச்சில் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தார்கள். இடையில் 2018-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு 'நீலப் பத்திரம்', அதாவது கடல் சார்ந்த திட்டங்களுக்கான கடன் பத்திரம், வெளியிட்டார்கள். ஓர் அரசு வெளியிட்டதில் உலகிலேயே அதுதான் முதல். வட்டி 6.5 சதவீதம். உலக வங்கி உத்தரவாதமும் சலுகைக் கடனும் சேர, அரசின் கையைக் கடிப்பது 2.8 சதவீதம்தான். இப்படிப் பேரம் பேசத் தெரிந்தவர்களை உதவிக்குக் கையேந்துகிறவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாலையோரம் மீன் விற்கிறவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் செவுளில் நாரைக் கோத்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். இங்கே இந்த மாதிரி மீனைக் கட்டாகத்தான் விற்பார்கள், எடை கிடையாது. முடிச்சை இறுக்கியபடியே துறைமுகப் பக்கம் தலையை ஆட்டினார். அங்கே ஐரோப்பியச் சூரை மீன் கப்பல்கள் நின்றிருந்தன. "எங்களுக்குக் கோடு போட்டாச்சு. அவங்களுக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். 2020-இல் தொடங்கிய மீன்பிடி ஒப்பந்தப்படி ஐரோப்பிய ஒன்றியம் தந்தது ஆண்டுக்கு 53 லட்சம் யூரோ. அதற்குக் கணக்கில் வைத்த அளவு 50,000 டன். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்குப் பத்து சென்ட். கப்பல் முதலாளிகள் தனியாகக் கட்டும் கட்டணத்தைச் சேர்த்தாலும் என் கண்ணுக்கு அது மலிவுதான். மறுபக்கம், அந்தக் கப்பல்கள் பிடிக்கும் சூரையை நம்பித்தான் துறைமுகமும் டப்பா மீன் ஆலையும் ஓடுகின்றன. கப்பலை விரட்டினால் ஆலைக்கு மீன் எங்கிருந்து வரும்? இதற்கு அவரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்கு வேறொரு கோபம். 2015-இல் உலக வங்கி செஷல்ஸை உயர் வருமான நாடுகளில் சேர்த்தது. கேட்க இனிக்கும், ஆனால் அதோடு மலிவு வட்டிக் கடனுக்கும் மானியத்துக்கும் வழி குறுகிவிட்டது. "சுற்றுலா விடுதி வருமானத்தை எங்கள் எல்லோர் தலையிலும் வகுத்துவிட்டு, பணக்காரன் என்கிறார்கள். கடல் ஏறி வந்தால் தலைக்கணக்கா பார்க்கும்?" என்பார். வருமானத்தை மட்டும் பார்க்காமல், எவ்வளவு எளிதில் அடிபடும் நாடு என்பதையும் அளக்க வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் பல ஆண்டு வாதாடின. 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை அப்படியொரு குறியீட்டை ஏற்றது. கடன் கொடுக்கும் வங்கிகள் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் அந்தச் செய்தியை அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.