விலை பேசுமுன் குழாயைப் பாருங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்தான் கசிவு தேடப் போவோம். ஊர் தூங்கும் நேரம், வீடுகளில் தண்ணீர் செலவு மிகக் குறைவு. அப்போதும் ஊருக்குள் போகும் தண்ணீரை அளக்கும் பெரிய மீட்டர் வேகமாகச் சுற்றினால், தண்ணீர் எங்கோ மண்ணுக்குள் போகிறது. இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வு மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் ‘உஸ்ஸ்’ என்று சன்னமாகக் கேட்கும். கசிவுக்குக் கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். இருபது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான். ஒரு நகராட்சி தனியார் கம்பெனியின் குடிநீர், கழிவுநீர் அமைப்பை வாங்கப் போகிறது என்று படித்தால், எனக்கு முதலில் தோன்றுவது விலை இல்லை, குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான்.

வாங்கட்டும். தண்ணீர் ஊர் கையில் இருப்பதுதான் சரி என்று நம்புகிறேன். ஆனால் அது லேசில் நடக்காது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூலா நகரம் பட்ட பாட்டைப் பாருங்கள். அங்கே குடிநீர் கம்பெனியை 2011இல் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. நகரம் 2014இல் கையகப்படுத்தும் வழக்குப் போட்டது. தண்ணீர் பொதுச்சொத்தாக இருப்பது தனியாரிடம் இருப்பதைவிட அதிகத் தேவை என்று நிரூபிக்க வேண்டும், அங்கே சட்டம் அப்படி. விசாரணையில் பழைய குழாய்களின் கசிவு பெரிய விஷயமாக வந்தது. விலை 8 கோடியே 86 லட்சம் டாலர் என்று நிர்ணயம் ஆனது. 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது, 2017 ஜூனில்தான் சாவி கைக்கு வந்தது. வழக்குச் செலவு தனி.

பாரிஸ் கதை வேறு. குழாய்கள் எப்போதும் நகரத்துடையவை, கம்பெனிகளிடம் இருந்தது நடத்தும் ஒப்பந்தம் மட்டும். அது முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டு, 2010 முதல் நகரமே நடத்துகிறது. 2011இல் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தார்கள். குழாயையே விற்றுவிட்ட ஊருக்கு அந்தச் சுலப வழி இல்லை. கடன் பத்திரம் போட்டு வாங்க வேண்டும், அந்தக் கடன் பல வருஷம் ஒவ்வொரு வீட்டு பில்லிலும் வரும்.

அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துப் போடுமுன் ராத்திரி மீட்டர் கணக்கைக் கேளுங்கள். சாக்கடை லைனுக்குள் கேமரா விட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு லைனில் மரத்தின் வேர் இணைப்பு வழியாக நுழைந்து துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தது. அந்த விரிசல் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து, மழை நாளில் பம்புகள் ஓயாமல் ஓடும். மேலே புதுத் தார் போட்டு ரோடு பளபளவென்று இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அந்த லைனுக்கு நல்ல மதிப்பு எழுதியிருந்தார்கள்.

அப்புறம், வேலை செய்கிறவர்கள். மிசூலாவில் கம்பெனி ஊழியர்கள் தாங்களே வழக்கில் சேர்ந்து கையகப்படுத்துவதை எதிர்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, சம்பளமும் ஓய்வூதியமும் என்ன ஆகுமோ என்ற கவலை யாருக்கும் வரும். ஆனால் குழாயோடு அவர்களும் ஊருக்கு வேண்டும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். வரைபடத்தில் இல்லாத ஒரு வால்வைத் தேடி ஒரு நாள் பாதி தெருவைத் தோண்டிவிட்டோம். அவர் வந்தார், விளக்குக் கம்பத்திலிருந்து நாலு எட்டு எண்ணி நடந்து, “இங்க தோண்டும்மா” என்றார். ஒரு முழத்துக்குக் கீழே மூடி தட்டுப்பட்டது.