தங்கச்சி பேசுறது அவனுக்கும் கேட்கணும்

என் கூட்டாளியின் தங்கச்சிக்கு மே மாதம் கல்யாணம் வைத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும், சொந்தக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்று பார்த்துக் குறித்த தேதி. எல்லாரும் இருந்தார்கள், பெண்ணுக்கு அண்ணன்காரனைத் தவிர. அவன் பஹ்ரைனில் போட்டுக்குப் போகிறான். லீவு கிடைக்கவில்லை. அப்பா இல்லாத வீடு, அவன்தான் எழுந்து நின்று நாலு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டியவன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அவன் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, நீதான் இந்தக் கரண்டு வேலையெல்லாம் பாப்பியே. அவன் போன்ல பேசுறது மண்டபம் பூரா கேட்கணும். தங்கச்சி பேசுறது அவனுக்கும் கேட்கணும்.”

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. போனில் வரும் குரலை பாக்ஸில் விடுவது ஒரு வேலையா, ஒரு வயர் போதும் என்று நினைத்தேன். பத்து நாளில் ஒன்பது நாளைத் தின்றது இரண்டாவது பாதி.

தங்கச்சிமடத்து மண்டபத்துக்கு மைக்செட் போடுகிற அண்ணன் எனக்குப் பழக்கம்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “போன ஸ்பீக்கர்ல போட்டு மைக் முன்னாடி பிடி தம்பி. எத்தனை விழாவுல பாத்திருக்கேன்!” நானும் பார்த்திருக்கிறேன். தலைவர் யாராவது வர முடியாமல் போனால் ஒருவர் மைக்கையும் போனையும் முத்தமிட வைத்துக்கொண்டு நிற்பார். கர்புர்ரென்று ஏதோ வரும், கூட்டம் கை தட்டும், என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மண்டபத்தில் அதைத்தான் முதலில் செய்து பார்த்தோம். பாக்ஸ் ‘கூ’வென்று கத்தியது. சத்தத்தைக் குறைத்தால் குரல் வெட்டி வெட்டி வந்தது. ஸ்பீக்கரில் போட்ட போனுக்கு எதிரொலியை அடக்கும் புத்தி ஒன்று உண்டு. இந்தப் பக்கம் சத்தம் கேட்டால், இங்கே யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து அந்தப் பக்கத்துக் குரலை அமுக்கிவிடும். அவன் குரலே பாக்ஸில் இருந்து திரும்பி வந்து அவன் வாயை அடைத்தது.

அடுத்து புளூடூத். மைக், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து பாக்ஸுக்கு அனுப்புகிற அண்ணனின் மிக்சரில் அது இருந்தது. என் போனை ஜோடி சேர்த்தேன், பாட்டு ஜோராக வந்தது. கூட்டாளி அழைத்தான். பாட்டு நின்றது, மிக்சர் ஊமையானது, அவன் குரல் போனுக்குள்ளேயே இருந்தது. ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான் புரிந்தது. புளூடூத்தில் பாட்டு போகிற வழி வேறு, போன் பேச்சு போகிற வழி வேறு. முதலாவதுக்கு ஏ2டிபி என்று பெயர், இரண்டாவதுக்கு எச்எஃப்பி. காரில் இருக்கிற செட்டுக்கு இரண்டும் தெரியும். மிக்சர்களில் பெரும்பாலும் பாட்டு வழி மட்டும்தான். ‘பாட்டு வருதே, பேச்சும் வரும்’ என்று நம்பி விழா நாளில் போய் நின்றுவிடாதீர்கள்.

சரி, வயர்தான். டைப்-சி ஓட்டை மட்டும் உள்ள புதுப் போனை ஓரம் வைத்துவிட்டு, ஹெட்போன் ஓட்டை உள்ள பழைய போனைத் தேடி எடுத்து சிம்மை மாற்றினேன். அண்ணனின் பெட்டியில் இருந்த வயரின் பின் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. எங்கள் ஊர்க் காற்று அப்படி. ஒரு வருஷம் சும்மா வைத்த பின்னைக் கையில் எடுத்தால் கடலில் இருந்து எடுத்த மாதிரி இருக்கும். உப்புக்காற்று பிடித்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். செருகியதும் குரல் வந்தது. கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம். போனைச் சார்ஜில் போட்டிருந்தேன். சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றது. அதற்காக ராமநாதபுரத்தில் கார் சாமான் கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒன்று வாங்கி வந்திருந்தேன். கடைசி வரை பையைவிட்டு அது வெளியே வரவில்லை.

குரல் கொஞ்சம் தகர டப்பாவில் இருந்து வருவது போலத்தான் இருந்தது. அண்ணன் பேஸைத் திருகினார். சாதாரண போன் அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் வரும். கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் பேஸைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். குறைத்துவிட்டு நடுவை லேசாக ஏற்றினோம். வார்த்தை தெளிந்தது.

அன்றைக்கு வெற்றி என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி கூட்டாளி அழைத்தான். “எல்லாம் சரி மாப்ள, எனக்கு அங்க பேசுறது ஒண்ணும் வெளங்கல. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.”

காரணம் அந்தப் பின்தான். பாட்டு கேட்கிற பின்னில் இரண்டு கறுப்பு வளையம், மூன்று பாகம்: இடது, வலது, கிரவுண்ட். ஹெட்செட் பின்னில் மூன்று வளையம், நான்கு பாகம். நான்காவது மைக். மூன்று பாகப் பின்னைச் செருகினால், மைக் இல்லாத ஹெட்போன் என்று நினைத்து போன் தன் சொந்த மைக்கையே வைத்துக்கொள்ளும். மேசை மேல் கிடக்கிற போனின் மைக்குக்கு மண்டபம் கிணறு மாதிரிதான் கேட்கும். தங்கச்சியின் குரல் அவனுக்குப் போக வேண்டும் என்றால் மிக்சரில் இருந்து ஒரு வயர் போனின் மைக் பாகத்துக்குள் போயாக வேண்டும்.

நான்கு பாகத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒய் வயர் வாங்கினேன். ஒரு காது மிக்சருக்குப் போக, ஒரு காது மிக்சரின் ஆக்ஸ் அவுட்டில் இருந்து வர. எந்தச் சேனலின் குரல் எவ்வளவு வேண்டும் என்று தனியாகத் திருகி வெளியே அனுப்புகிற வழி அது. ஆனால் மிக்சர் வெளியே தள்ளுவது ஒரு வோல்ட் அளவு, போனின் மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நேராகக் கொடுத்தால் குரல் கிழியும். 10 கே ரெசிஸ்டர் ஒன்று, 470 ஓம் ஒன்று, இரண்டையும் வைத்துச் சத்தத்தைக் குறைக்கிற ஒரு சின்ன இணைப்பைச் சால்டர் அடித்தேன்.

செருகினேன். போன் திரையில் வால்யூம் கோடு தானாக இறங்கியது. ஏற்றினேன், இறங்கியது. பேய் பிடித்த மாதிரி கடைசிவரை இறங்கி நின்றது.

அண்ணன், “போன் போச்சு தம்பி” என்றார். போனில் கோளாறு இல்லை. ஹெட்செட் வயரில் இருக்கிற பட்டன்களுக்குத் தனி வயர் கிடையாது. அமுக்கினால் மைக் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் சேரும், அவ்வளவுதான். எத்தனை ஓம் என்று பார்த்து போன் முடிவு செய்யும். ஆண்ட்ராய்டில் 240 ஓம் என்றால் சத்தத்தைக் கூட்டு, 470 ஓம் என்றால் சத்தத்தைக் குறை. கடைக்காரர் டப்பாவில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தது சரியாக 470! நான் சால்டர் அடித்து வைத்திருந்தது, விரலே எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருக்கும் ஒரு ‘குறை’ பட்டன்.

நடுவில் ஒரு 1 மைக்ரோஃபாரட் கண்டன்சரைப் போட்டு, போன் பக்கம் மைக்குக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 2.2 கே ரெசிஸ்டரை வைத்தேன். குரல் கண்டன்சர் வழியாகப் போய்விடும். அளந்து பார்க்கிற போனுக்கு 2.2 கே மட்டும் தெரியும், ஏதோ மைக் மாட்டியிருக்கிறது என்று சும்மா இருக்கும். இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு முழு ஒத்திகை. தங்கச்சி வரவில்லை, நான்தான் மைக்கில் பேசினேன். “சூப்பரா கேட்குது மாப்ள” என்றான். அப்புறம் அவன் வாழ்த்தை ஒரு தடவை சொல்லிப் பார்க்க ஆரம்பித்தான். இரண்டு வார்த்தை வந்தது. நின்றான். திரும்ப ஆரம்பித்து, திக்கி, இழுத்து, மறுபடி நின்றான். நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அழுகிறான் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “டேய், நான் பேசுறது எனக்கே திரும்ப வருதுடா. நாக்கு சுத்துது.”

தன் குரலே அரை நொடி தள்ளிக் காதில் விழுந்தால் யாருக்கும் பேச்சு தடுமாறும். அவன் குரல் வருகிற சேனலிலும் ஆக்ஸ் திருகி திறந்திருந்தது. மிக்சருக்குள் வந்த குரல் அப்படியே சுற்றி அவனிடமே போய்க்கொண்டிருந்தது. மற்ற மைக்குகள் எல்லாம் அவனுக்குப் போகட்டும், அவன் சேனலின் ஆக்ஸ் மட்டும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ரேடியோ நிலையங்களில் இதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பெயர். அண்ணன் அந்தத் திருகியை இடது பக்கம் கடைசி வரை திருப்பி, யாரும் தொடாமல் இருக்க மேலே கறுப்பு டேப் ஒட்டினார்.

அப்போதும் லேசாக எதிரொலி இருந்தது. அது வயரில் வந்தது அல்ல. பாக்ஸில் இருந்து கிளம்பிய அவன் குரல், கையில் இருந்த கார்ட்லெஸ் மைக்குக்குள் ஏறி அவனிடம் போனது. அதற்கு வயரில் மருந்து கிடையாது. அவன் பேசும்போது அந்த மைக்கை அண்ணன் இறக்க வேண்டும், அவன் முடித்ததும் ஏற்ற வேண்டும். “கையை எடுக்க மாட்டேன் தம்பி” என்றார். வார்த்தையைக் காப்பாற்றினார்.

ஒத்திகை முடிந்து வயரைச் சுருட்டும்போது அதே போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். “வணக்கம் சார், உங்களுக்குப் பர்சனல் லோன் தேவைப்படுதா?” என்று ஒரு பெண் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தல்காரர்கள் கை தட்டினார்கள். அன்று ராத்திரியே கால் வெயிட்டிங்கை நிறுத்தினேன், டேட்டாவை அணைத்தேன், அலாரங்களை எல்லாம் எடுத்தேன். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்பும். தங்கச்சிமடத்தில் அந்தத் தொல்லை எனக்கு இருந்ததில்லை. ஆனாலும் ரோமிங்கை அணைத்து வைத்தேன், ஒரு பயம்தான்.

காலையில் கோயிலில் கல்யாணம், மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. ஆறரைக்கு அழைப்பு. அங்கே மணி நாலு. போனை ஜன்னல் ஓரத்தில், சிக்னல் நன்றாக வருகிற மேசையில் வைத்திருந்தேன். சீரியல் செட் வயர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம். தங்கச்சியிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தேன்: “நீ பேசி முடிச்சதும் கொஞ்சம் பொறும்மா. அவனுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அவன் பேசுறப்ப மைக்கை மடியில கவுத்து வச்சுக்க.”

அழைப்பு வந்தது. எடுத்தேன். அண்ணன் ஃபேடரை ஏற்றினார்.

“தங்கச்சி, நல்லாருக்கியா?” என்று பாக்ஸில் இருந்து அவன் குரல் வந்ததும் பந்திக் கூடம் வரை பேச்சு நின்றது. மாப்பிள்ளையை வாழ்த்தினான், அம்மாவைச் சொன்னான். அப்புறம் எழுதி வைத்ததை விட்டுவிட்டான் போலிருக்கிறது. “பாம்பன்ல பாலம் திறக்குது, கப்பல் போகுதுன்னு சின்னப் பிள்ளையில உன்ன விட்டுட்டு சைக்கிள்ல ஓடினேனே, ஞாபகம் இருக்கா? புதுப் பாலம் நேரா மேல தூக்குதாமே. நான் வந்து கூட்டிட்டுப் போறேன், அழாத.”

அவள் மைக்கை நிமிர்த்தினாள். “முதல்ல நீ ஊர் வந்து சேரு. அப்புறம் பாலம் பாக்கலாம்.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் மைக்குக்குள் போய், வயரில் ஏறி, கடலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி கழித்து பாக்ஸில் அவனும் சிரித்தான். பிறகு பேச ஆரம்பித்தான். ஒரு வார்த்தை வந்தது, நின்றது. மறுபடி இழுத்தான், நின்றது.

நான் பதறிப்போய் மிக்சரைப் பார்த்தேன். தங்கச்சியின் மைக் இறங்கியிருந்தது. கறுப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. திருகி பூஜ்யத்தில்தான் நின்றது.