லில்லியன் கிஷ் படத்துக்குத் தமிழ் அட்டை போட்டுப் பார்த்தேன்

மூன்று மாதமாக ராத்திரியில் இதே வேலைதான். ஊமைப்படங்களில் காட்சிக்கு நடுவே கறுப்புத் திரையில் எழுத்து வருமே, அந்த டைட்டில் கார்டுகளை வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழில் எழுதி ஒட்டுவது. அம்மாவுக்குப் பழைய படம் என்றால் உயிர், ஆங்கிலம்தான் வராது. அதற்காக ஆரம்பித்தது.

நடிகை லில்லியன் கிஷ்ஷை எடுத்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. 1912இல் முதல் படம், 1987இல் கடைசிப் படம், நடுவில் 75 வருடம். ஒருத்தர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறார் என்றால் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறந்தது 1893, அமெரிக்காவின் ஒஹாயோ. அப்பா குடும்பத்தைக் கைவிட்டுப் போனதால் அம்மா நாடகத்துக்குப் போனார், பிள்ளைகளும் சின்ன வயதிலேயே மேடையேறினார்கள். தோழி மேரி பிக்ஃபோர்டைப் பார்க்கப் பயோகிராஃப் ஸ்டூடியோவுக்குப் போன இடத்தில்தான் இயக்குநர் கிரிஃபித் கண்ணில் பட்டது. அக்கா தங்கை இருவரில் யார் லில்லியன், யார் டாரத்தி என்று குழம்பாமல் இருக்க அவர் ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டச் சொன்னாராம்.

முதல் சறுக்கல் வேகம். இறக்கிய பிரதியில் எல்லாரும் எறும்புக் கடி வாங்கியவர்கள் மாதிரி துள்ளினார்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள், நொடிக்கு 16 பிரேம், 18, 20 என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். அதைப் பேசும்படத்துக்கான 24இல் ஓட்டினால் எந்த நல்ல நடிகரும் கோமாளிதான். 18க்கு இறக்கிப் பார்த்தேன், தூக்கம் வந்தது. 20 சரியாக உட்கார்ந்தது. 60 நொடிக் காட்சி 72 நொடி ஆகிறது, அந்த 12 நொடியில் ஆளே மாறிவிட்டார். ஊமைப்பட நடிப்பு என்றால் கையைக் காலை உதறுவது என்று இத்தனை வருடம் நான் நினைத்திருந்ததில் பாதி இந்த வேகக் கோளாறுதான் போல.

இது தெரிந்தது 1919இல் வந்த 'புரோக்கன் பிளாசம்ஸ்' படத்தில். லண்டன் லைம்ஹவுஸில் குத்துச்சண்டைக்காரத் தகப்பனிடம் அடி வாங்கியே வளரும் லூசி. சிரி என்று அவன் அதட்டும்போது இரண்டு விரலால் உதட்டு ஓரங்களை மேலே தள்ளிச் சிரித்துக் காட்டுவாள். அந்தச் சைகை கிஷ்ஷின் சொந்த யோசனை. வேகமாக ஓடினால் ஏதோ சேட்டை மாதிரி இருக்கும், 20இல் பார்த்தால் விரல் விலகியதும் உதடு கீழே சரிவதும், கண் கடைசிவரை சிரிக்காததும் தெரியும். (அதே படத்தில் சீன இளைஞனாக வெள்ளைக்கார நடிகர் கண்ணை இடுக்கிக்கொண்டு வருவது இன்றைக்குப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.)

எழுத்து வேலையில் நான் எதிர்பார்க்காதது புள்ளி. அழகாக இருக்கிறதே என்று மெல்லிய எழுத்துருவைப் போட்டால், மங்கலான பிரதியில் 'அடித்தான்' என்பது 'அடிததான' ஆகிவிட்டது. தடித்த எழுத்துக்கு மாறினேன், ஒரு அட்டைக்கு மூன்று வரிக்கு மேல் இல்லை. இசை இன்னொரு தலைவலி. படம் பழையது என்றாலும், அதோடு வரும் இசை பிற்காலத்தில் யாரோ பதிவு செய்து உரிமை வைத்திருப்பதாக இருக்கலாம். போதாததற்கு, அட்டையின் நேரத்தை மாற்றினால் காட்சி ஓரிடத்திலும் வயலின் வேறிடத்திலும் அழும். ஒலியை மொத்தமாக எடுத்துவிட்டேன்.

அப்புறம் 'வே டவுன் ஈஸ்ட்', 1920. அன்னா என்ற ஏழைப் பெண்ணை லெனாக்ஸ் என்ற பணக்காரன் போலிக் கல்யாணம் செய்து ஏமாற்றுகிறான். குழந்தை பிறந்து இறந்துபோகிறது. வேறு ஊரில் ஒரு பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால், அங்கேயும் அவன். விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் அவளை வெளியே போகச் சொல்ல, உங்கள் சாப்பாட்டு மேசையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார் என்று விசாரித்தீர்களா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். ஆங்கிலத்தில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே 'யூ'. நான் அதுவரை லெனாக்ஸை 'நீங்கள்' என்று கூப்பிட வைத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் அவன் பக்கம் ஒரு 'நீ' போட்டேன். மூன்று மாதத்தில் எனக்கே என்மேல் பெருமை வந்தது அந்த ஓரெழுத்துக்குத்தான்.

குழந்தை சாகக் கிடக்கிறது, ஞானஸ்நானம் கொடுக்க யாரும் இல்லை, அவளே தண்ணீர் தெளிக்கும் காட்சிக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் எதுக்குடா எழுத்து, அதான் மூஞ்சியிலயே தெரியுதே" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் எடுத்துவிட்டு ஓட்டினால் அவர் சொன்னது சரி. அந்தச் சூட்டோடு 'புரோக்கன் பிளாசம்ஸ்'க்குத் திரும்பிப் போய், தகப்பன் கோடரியால் கதவை உடைக்க, உள்ளே ஒளிந்த லூசி அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தவிக்கும் காட்சியில் நான் எழுதியிருந்ததையும் தூக்கினேன்.

'வே டவுன் ஈஸ்ட்'டில் அன்னா ஆற்றுப் பனிப்பாளத்தில் மிதந்து போகும் காட்சிக்கு ஒன்றும் எழுதவே இல்லை. வெர்மான்ட்டில் நிஜ ஆற்றில், நிஜப் பனியில் எடுத்தது. மயங்கிக் கிடக்கும் அன்னாவின் கையும் கூந்தலும் தண்ணீரில் இழுபட வேண்டும் என்பதும் கிஷ்ஷின் யோசனைதான், அவருடைய அந்தக் கை பிற்காலத்திலும் குளிரில் வலித்துக்கொண்டே இருந்ததாம்.

இப்போது 1928இல் வந்த 'த விண்ட்' கையில் இருக்கிறது. மொஹாவே பாலைவனத்தில் விமான என்ஜின்களை வைத்து மணலை வாரி அடித்து எடுத்த படம். பேசும்படம் வந்துவிட்ட நேரம் என்பதால் ஓடவில்லை, அவர் மேடைக்குத் திரும்பினார், 1955இல் 'த நைட் ஆஃப் த ஹன்டர்' படத்தில் துப்பாக்கியோடு குழந்தைகளைக் காவல் காக்கும் கிழவியாக வந்தபோது வயது 60 தாண்டியிருந்தது. 'த விண்ட்'டுக்கு இதுவரை பதினொரு அட்டை எழுதியிருக்கிறேன். அம்மா பார்த்த பிறகு எத்தனை மிஞ்சும் என்று தெரியவில்லை.