அலெக்ஸின் முகம் ஏன் படத்தில் இல்லை

1983ல் வந்த 'தி பிக் சில்' படத்தின் தொடக்கத்தில் ஓர் ஆணுக்கு உடை மாட்டிக்கொண்டிருப்பார்கள். சட்டைப் பொத்தான் போடப்படுகிறது, டை கட்டப்படுகிறது. பின்னணியில் மார்வின் கே பாடுகிறார். ஊடே ஊடே வேறு வேறு ஊர்களில் சிலருக்கு ஏதோ செய்தி போய்ச் சேர்கிறது, பெட்டி கட்டுகிறார்கள், கிளம்புகிறார்கள். யாரோ ஒருவன் விருந்துக்குத் தயாராகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். கடைசியில் சட்டைக் கையை இழுத்துவிடும்போது மணிக்கட்டில் தையல் போட்ட வெட்டு தெரியும். அது பிணம்.

இறந்தவன் பெயர் அலெக்ஸ். அவனுடைய இறுதிச் சடங்குக்கு வரும் கல்லூரி நண்பர்கள் அந்த வார இறுதி முழுக்க ஒரே வீட்டில் தங்குகிறார்கள். அதுதான் கதை. பேச்செல்லாம் அவனைச் சுற்றியே வருகிறது, ஆனால் அவன் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. அலெக்ஸாக நடித்தவர் கெவின் காஸ்ட்னர். அப்போது அவர் பெயர் வெளியே தெரியாது. அறுபதுகளில் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து தாங்க்ஸ்கிவிங் விருந்து சாப்பிடும் பிளாஷ்பேக்கை இயக்குநர் லாரன்ஸ் காஸ்டன் எடுத்தே வைத்திருந்தார். படம் அந்தக் காட்சியோடு முடிவதாக இருந்தது. எடிட்டிங்கில் அது மொத்தமும் போய்விட்டது. மிச்சம் இருப்பது மணிக்கட்டும் சட்டையும்தான்.

சென்னையில் படத்தொகுப்பு வேலை பார்க்கிறவன் நான். காஸ்டன் எடுத்த அந்த முடிவு என் வேலையில் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நிற்கிறது. எங்கள் பக்கம் ஒருவன் செத்துப் போனால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் அவனை உயிரோடு காட்டியாக வேண்டும். மழையில் அவன் சிரிக்க வேண்டும், பைக் ஓட்ட வேண்டும், நண்பனுக்காக நாலு பேரை அடிக்க வேண்டும், அதற்கொரு பாட்டும் வேண்டும். தயாரிப்பாளர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. "அவன் யாருன்னே தெரியாம ஜனங்க எப்படி சார் அழுவாங்க?" என்பார். நல்ல கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்லிப் புரியவைக்க முடியாது, வெட்டித்தான் காட்ட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு படம் என்னிடம் வந்தது. பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள், இறந்துபோன நண்பனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் ஊருக்குப் போகிறார்கள். இயக்குநருக்கு அதுதான் முதல் படம். எடுத்த காட்சிகளைத் தொகுக்காமல் அப்படியே ஓட்டிப் பார்க்கிற ரஷ்ஷிலேயே இரண்டு விஷயம் தெரிந்தது. வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் உட்கார்ந்து பேசும் காட்சிகள் உயிரோடு இருந்தன. ஹாஸ்டல் பிளாஷ்பேக்கில் உழைப்பு தெரிந்தது, செலவு தெரிந்தது, உயிர் மட்டும் இல்லை. நடித்த பையன் மேல் குற்றம் இல்லை, நன்றாகவே நடித்திருந்தான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து ஒருவன் சொல்கிறான், "அவன் யார்கிட்டயும் கடன் வாங்கமாட்டான்டா." இன்னொருவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அந்தக் குனிதலில் ஒரு கதை இருக்கிறது. அடுத்த ஷாட்டில் இறந்தவன் கடன் கேட்பதைக் காட்டினால் அந்தக் கதை அங்கேயே முடிந்துபோகும்.

இதை எனக்கு விளக்கமாகப் புரியவைத்தது 'தி பிக் சில்'தான். அந்த வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு அலெக்ஸ் இருக்கிறான். இயற்பியலில் மேதை, கிடைத்த உதவித்தொகையை உதறிவிட்டுக் கிடைத்த வேலைகளில் அலைந்தவன் என்பது எல்லோருக்கும் பொதுவான அலெக்ஸ். வீட்டுக்காரி சாராவுக்கு அவனோடு ஒரு காலத்தில் உறவு இருந்திருக்கிறது, அவள் கணவன் ஹரால்டுக்கும் அது தெரியும். கடைசி மாதங்களில் அவனோடு வாழ்ந்த இளம்பெண் குளோயிக்குத் தெரிந்த அலெக்ஸை இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று ஆளுக்கொரு காரணம் தேடுகிறார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. இதற்கு நடுவில் அலெக்ஸின் முகத்தை ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால் கேமரா சொல்வதுதான் தீர்ப்பு என்றாகிவிடும். நண்பர்கள் சொல்வதெல்லாம் சரியா தவறா என்று நாம் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவோம். பார்வையாளன் கண்ணை நம்புவான், காதை அவ்வளவு நம்பமாட்டான். எடிட்டிங் மேஜையில் உட்காருகிற எல்லோருக்கும் இது தெரியும்.

அப்புறம் இன்னொன்று. அலெக்ஸைக் காட்டாததால் படம் முழுக்க இருக்கிறவர்கள் பக்கம் திரும்புகிறது, அவர்கள் செய்கிற வேலையின் பக்கம் திரும்புகிறது. ஒரு பணி அனுபவமாக இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். நண்பர்களில் மெக் வக்கீல். உரிமைக்காகப் போராடுகிற கறுப்பினத் தலைவர்களுக்கு வாதாடப் போவதாக நினைத்து ஏழைகளுக்கான அரசு வக்கீலாகச் சேர்ந்தாள், வந்தவர்கள் நிஜமாகவே குற்றம் செய்தவர்கள். இப்போது அட்லாண்டாவில் ரியல் எஸ்டேட் சட்டம் பார்க்கிறாள். மைக்கேல் எழுத்தாளனாக வேண்டியவன், பிரபலங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறான். ஹரால்டுக்கு ஓட்டக் காலணி வியாபாரம், நல்ல வசதி. சாம் தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் நாயகன். ஒரு இடத்தில் போலீஸ்காரர், தொடரில் செய்வது மாதிரியே காருக்குள் தாவிக் குதித்துக் காட்டச் சொல்கிறார். சாம் முயன்று அடிபட்டுக்கொள்கிறான். நண்பர்களின் முன்னால் அவன் முகம் போகிற போக்கை நண்பன் நிக்காக நடித்த வில்லியம் ஹர்ட்டும் மற்றவர்களும் பார்க்கிற பார்வையில் எத்தனையோ இருக்கிறது. இருபது வயதில் எதற்காக வேலைக்குப் போனோம், இப்போது எதற்காகப் போகிறோம் என்ற கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. வேலை எதிலும் நிலைக்காமல் செத்துப்போனவன் ஒருவன் அந்த வீட்டில் கேள்வியாகவே இருக்கிறான்.

இந்தப் படத்தைத் தொகுத்தவர் கரோல் லிட்டில்டன். காஸ்டனின் முதல் படமான 'பாடி ஹீட்'டும் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.'யும் அவர் தொகுத்தவைதான். அன்று கம்ப்யூட்டர் கிடையாது. பிலிமை வெட்டி ஒட்டி, ஓட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். எட்டுப் பேர் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற காட்சியை அப்படித் தொகுப்பது எவ்வளவு வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். யார் கையில் கோப்பை, யார் பார்வை எங்கே, யார் வாய்க்குள் சோறு, எல்லாம் ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போக வேண்டும். லிட்டில்டன் பேசுகிறவன் முகத்தில் கட்டாயம் நிற்பதில்லை. கேட்கிறவன் முகத்துக்குப் போய்விடுவார். அலெக்ஸைப் பற்றி ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தில் ஓடுவதுதான் இந்தப் படத்தின் பிளாஷ்பேக்.

படத்தை ஒளிப்பதிவு செய்த ஜான் பெய்லி அவருடைய கணவர். 2023 நவம்பரில் பெய்லி இறந்தார். இரண்டு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், லிட்டில்டனுக்கு வாழ்நாள் பணிக்காக கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. செய்தியைப் படித்துவிட்டு அன்று இரவே படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கணவர் எடுத்ததை மனைவி வெட்டியிருக்கிறார், அதுவும் இறந்தவரை எப்படி நினைப்பது என்பதைப் பற்றிய ஒரு படத்தில். அந்த இரவு சமையலறை நடனக் காட்சியை நான் வேறு மாதிரி பார்த்தேன். சாப்பிட்ட பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டே டெம்ப்டேஷன்ஸ் குழுவின் பாட்டுக்கு எல்லோரும் ஆடுகிறார்கள். சாவு வீட்டில் ஆடலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். ஆனால் காரியம் முடிந்த ராத்திரி, உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்துக்கொண்டு பழைய கதை பேசிச் சிரிப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

சரி, எங்கள் படத்துக்கு வருகிறேன். இரண்டு விதமாகத் தொகுத்தேன். ஒன்று பிளாஷ்பேக்கோடு, ஒன்று இல்லாமல். தயாரிப்பாளருக்கு இரண்டாவதை முதலில் போட்டுக் காட்டலாம் என்று இயக்குநரிடம் சொன்னேன். "அண்ணே, கோபப்படுவாருண்ணே" என்றான். "பார்க்கட்டும் தம்பி, பார்த்துட்டு கோபப்படட்டும்" என்றேன். பார்த்தார். இறந்தவனின் அம்மா நண்பர்களுக்குச் சோறு போடும் காட்சியில், ஒருவனுக்கு மட்டும் கேட்காமலே ரசத்தை முதலில் ஊற்றுவார். அவர் மகன் அப்படித்தான் சாப்பிடுவான் என்பது வசனத்தில் எங்கேயும் இல்லை. ஊற்றிய பிறகு அந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்று போகும். அந்த ஷாட்டை நான் வழக்கத்தைவிட நீளமாக விட்டிருந்தேன். தயாரிப்பாளர் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் பிளாஷ்பேக் வேண்டும் என்றார். செலவழித்தாகிவிட்டது, பாட்டு வெளியாகிவிட்டது, ஆடியோ கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதுவும் தொழிலின் உண்மைதான், நான் அதை மறுக்கவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் பாட்டு மட்டும் இருக்கட்டும், பேசுகிற பிளாஷ்பேக் காட்சிகள் போகட்டும் என்று முடிவானது. பாட்டிலும் பையனின் முகம் தெளிவாகத் தெரிகிற ஷாட்டுகளைக் குறைத்தேன். முதுகு, கை, அறை வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு, கூட்டத்தில் ஒரு தலை என்று மட்டும் வைத்தேன்.

அந்தப் பையனிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வெட்டப்பட்ட நடிகனுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தியேட்டரில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும், அதுவும் வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது. காஸ்டன் இந்த விஷயத்தில் செய்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். காஸ்ட்னரை வெட்டியதை அவர் மறக்கவில்லை. 1985ல் தன் 'சில்வராடோ' படத்தில் நல்ல வேடம் கொடுத்தார். காஸ்ட்னர் பிறகு எந்த உயரத்துக்குப் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பையனை வரச் சொல்லி, தொகுத்த படத்தை முழுதாகக் காட்டினேன். பார்த்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சார், எல்லாரும் என்னைப் பத்தியேதான் சார் பேசிட்டிருக்காங்க" என்றான். ஆமாம் என்றேன். அவனுக்கு வருத்தம் முழுதாகப் போய்விடவில்லை, போகவும் போகாது. இப்போது அவனுக்கு வேறு படங்கள் வருகின்றன. நண்பர்கள் கூடும் கதை எதுவும் என் மேஜைக்கு வந்தால், இறந்தவனாக யார் நடிக்கிறார் என்பதை இயக்குநரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எடிட்டிங்கில் என்ன நடக்கலாம் என்று ஷூட்டிங் போவதற்கு முன்பே அந்த நடிகரிடம் இயக்குநரே சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.