பொன்னாடைக்கு நாமே பணம் கட்டணும்

"வாழ்த்துகள்! ஹானர் சொசைட்டியில் சேர உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று ஒரு மெயில். நன்றாக மார்க் எடுக்கிற மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சங்கமாம். முப்பத்திநாலு வயதில், நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடம் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிப்போகலாம்), பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கால்குலஸ் போட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே போனால், சேர 95 டாலர் கட்டு என்கிறது.

"ஸ்கேமா இருக்கும், தொட்டுடாத" என்றார் வீட்டுக்காரர். அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் சொன்னேன். "ஏட்டி, பரிசு வாங்கதுக்கு நம்மளே துட்டு கொடுக்கணுமா? ஊர்ல துட்டு கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கி போஸ்டர் ஒட்டுதாம்லா, அந்தக் கதையா?"

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் எடுத்ததற்கு ஆண்டு விழாவில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி கொடுத்தார்கள். கணக்கு டீச்சரே பாத்திரக்கடைக்குப் போய், கிர்ர் என்று மெஷின் ஓட, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்கி வந்தது. அதில் ஒரு கொம்பு விட்டுப்போய் என் பெயர் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். போகட்டும், காசு கேட்கவில்லையே!

காலேஜ் அட்வைசரிடம் போனேன். சிரித்தார். பெயரில் ஹானர் இருப்பதெல்லாம் ஒன்றல்ல, மெயில் வந்ததும் கட்டாதே, நம் கேம்பஸிலேயே கிளை உள்ள ஃபை தீட்டா காப்பாவைப் பார் என்றார். 1918இல் மிசூரி மாநிலத்தில் ஆரம்பித்ததாம். இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கென்றே இருப்பது. 12 கிரெடிட் (பாடங்களுக்கான அலகு) முடித்து, சராசரி மார்க்கான ஜிபிஏ நாலுக்கு 3.5 பக்கம் இருந்தால் பெரும்பாலான கிளைகளில் சேர்க்கிறார்கள். இங்கேயும் கட்டணம் உண்டு: நான் சேர்ந்தபோது தலைமையகத்துக்கு 60 டாலர், கிளைக்குக் கொஞ்சம் தனியாக. இந்த ஊரில் மரியாதைக்கு பில் போடுவது வழக்கம்தான் போலிருக்கிறது.

சேரலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் இழுத்தேன். வீட்டுக்காரரின் வேலை விசாவை ஒட்டி வரும் எச்4 விசாவில் இருப்பவளுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, வேலை பார்க்கும் அனுமதியும் என்னிடம் இல்லை. ஃபீஸ் முழுக்க ஒரே சம்பளத்திலிருந்து. கடைசியில் புத்தி சொன்னது நான் மாறிப்போக நினைத்த யூனிவர்சிட்டியின் வெப்சைட்தான். டிரான்ஸ்ஃபரில் வரும் ஃபை தீட்டா காப்பா உறுப்பினர்களுக்கென்று தனி ஸ்காலர்ஷிப், வருடம் 2,000 டாலர், இரண்டு வருடத்துக்கு. குடியுரிமை பற்றிப் பேச்சே இல்லை. அன்று ராத்திரியே பணம் கட்டினேன்.

அதனால் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: போகப்போகிற இடத்தின் ஸ்காலர்ஷிப் பக்கத்தை முதலில் பாருங்கள். உறுப்பினர்களுக்கென்று உதவி இருந்தால், யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே சேருங்கள். அட்மிஷன் வந்தபிறகு ஓடினால் பல இடங்களில் பிரயோஜனம் இல்லை. வேறு ஸ்காலர்ஷிப்போடு சேர்த்துத் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் என்றால் அந்தக் காசுக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசியே வாங்கலாம். கிளைக் கூட்டங்களுக்குப் போனதில் எனக்குக் கிடைத்தது நல்ல பீட்சா. சிநேகிதம் என்று சொல்ல ஒன்றும் அமையவில்லை. அவர்கள் வயதுக்கு நான் சித்திமுறை.

பட்டமளிப்பு அன்று கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு தங்க நிறத் துண்டு. ஸ்டோல் என்கிறார்கள். அதுவும் காசுக்குத்தான். வீடியோ காலில் பார்த்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்: "பொன்னாடை போத்திட்டாவளா! யாரு போத்துனா?"

நானே, கார் பார்க்கிங்கில், சைடு கண்ணாடியைப் பார்த்துப் போர்த்திக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? "பிரின்சிபால்மா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது யூனிவர்சிட்டியில் எல்லாம் பழகிவிட்டது. பஸ் நேரம், லைப்ரரி மூலை, யாராவது "ஹவ் ஆர் யூ" கேட்டால் நிஜமாகவே பதில் சொல்லத் தொடங்காமல் நடந்துகொண்டே "குட்" சொல்வது. போன வாரம் மறுபடி வாழ்த்து வந்தது, இந்த முறை டவ் சிக்மாவிலிருந்து. 1999இல் ஆபர்ன் யூனிவர்சிட்டியில் தொடங்கியது, டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கே உரியது. மாறி வந்த முதல் செமஸ்டர் மார்க்கைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். வந்தபின் வருகிற அழைப்பு, அட்மிஷனுக்கு உதவாது. ஆனாலும் மெயிலை இன்னும் அழிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தடவை துட்டு எவ்வளவு என்று கேட்கவில்லை. "அந்தத் தூக்குச்சட்டி மூடி தொலஞ்சிட்டுட்டீ, தேடிக்கிட்டே இருக்கேன்" என்றாள்.