கறுப்புக்கு முன் நேவி ப்ளூ

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சோபா துணிக்கோ திரைச்சீலைக்கோ கறுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், நேவி ப்ளூவை, அதாவது கறுப்பை ஒட்டிய அடர்நீலத்தை, ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே கண்ணை நிறைத்து நிற்கின்றன. தேக்கில் ஆரஞ்சுச் சாயல் உண்டு. வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். அதனால்தான் அடர்நீலத்துக்குப் பக்கத்தில் மரம் பளிச்சென்று தெரிகிறது. கறுப்பு வைத்தால் அறையே கனத்துப்போகிறது.

ஆனால் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். முற்றத்து வெயில் விழும் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) நீலம் நீலமாகவே இருக்கும். உள்ளறையில், மஞ்சள் விளக்கில், ராத்திரி அது கறுப்பாகிவிடும். கடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் துணியை வாங்கிவந்து அந்த அறையிலேயே இரவில் பாருங்கள்.

பிரிட்டன் கடற்படை அதிகாரிகளின் சீருடையாக 1748-ல் வந்த நிறம் இது. நம் தேசியக் கொடியின் அசோகச் சக்கரமும் இதே நிறம்தான். எனக்கு அதில் தனிப் பெருமை.

அப்புறம், கல்யாணப் பத்திரிகைக்கும் இந்த நிறத்தைச் சொல்வேன். செல்போன், கணினித் திரையில் நேவி ப்ளூ (அதன் நிறக் குறியீடு ஆர்ஜிபி 0, 0, 128) மேல் வெள்ளை எழுத்து மிகத் தெளிவாக இருக்கும், இரண்டுக்கும் உள்ள வெளிச்ச மாறுபாடு 16-க்கு 1. வயதானவர்களும் சிரமமில்லாமல் படிப்பார்கள். அச்சில் மட்டும் மெஜந்தா (கருஞ்சிவப்பு மை) அளவு சயான் (நீல மை) அளவை நெருங்கினால் நிறம் ஊதாவாக மாறிவிடும். மெஜந்தாவை நன்றாகக் குறைத்து, முதலில் ஒரு தாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.