முட்டை, எலுமிச்சை, தெருமுனை: ஓவியச் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

எங்கள் ஓவியப் படிப்பின் செய்முறைத் தேர்வில் இரண்டு தாள்கள். முதலாவது, மேசைமேல் வைத்த பொருட்களைப் பார்த்து வரையும் ஸ்டில் லைஃப். பெரும்பாலும் ஒரு பாத்திரம், இரண்டு மூன்று காய்கனிகள், பின்னால் ஒரு துணி. இரண்டாவது, அன்றாடக் காட்சி ஒன்றை நாமே அமைத்து வரைவது. பேருந்து நிறுத்தம், சந்தை, மழைநாள் தெரு என்று தலைப்பு மட்டும் தருவார்கள். தாளுக்கு மூன்று மணி நேரம். அதற்குத் தயாரான காலத்தில் எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். நான் வாட்டர் கலர்காரன். போஸ்டர் கலர், அக்ரிலிக் எடுப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சாப்பிடும் பொருளையும் தெருவில் நடப்பதையும் வரைவதைத் தொடக்கநிலைப் பயிற்சி என்று ஒதுக்குகிற மாணவர்கள் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த எண்ணம் இருந்தது. பிரான்சின் அரச ஓவிய அகாதமி வரலாற்று, புராணக் காட்சிகளை உச்சியில் வைத்து, ஸ்டில் லைஃபைக் கடைசிப் படியில் உட்காரவைத்தது. அதே அகாதமி 1728இல் ஷார்தான் என்ற பிரெஞ்சு ஓவியரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவர் காட்டிய படங்களில் ஒன்று, வயிறு கிழித்துத் தொங்கவிட்ட ஒரு திருக்கை மீன். பக்கத்தில் ஒரு பூனை, சிப்பிகள், ஒரு கத்தி. அவ்வளவுதான் பொருள். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்குவெஸ் 1618இல் ஒரு மூதாட்டி முட்டை பொரிப்பதை வரைந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தப் படம் இப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோ தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிய அளவில் கிடைத்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சட்டியில் பாதி வெந்து வெளுக்கத் தொடங்கிய முட்டை ஒன்று. வெள்ளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே கிடக்கும் கத்தி மற்றொன்று. அந்தக் கத்தியின் நிழல் கிண்ணத்தின் குழிவுக்குள் வளைந்து விழுகிறது. அந்த ஒரு நிழலே கிண்ணம் எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுகிறது. தேர்வுக்கு நாம் கற்க வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கிறது.

நிறத்தைத் தொடும் முன் ஒளி-நிழல். இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. அதற்கு முட்டையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. வெள்ளை முட்டை ஒன்றை வெள்ளைத் தாள்மேல் வைத்து, ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி அமையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், உருவம் தட்டையாகிவிடும். இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழும் இடம், அதிலிருந்து மெல்ல மங்கும் இடம், அப்புறம் முட்டை திரும்புகிற இடத்தில் ஒரு கரும்பட்டை. அந்தப் பட்டைக்கும் கீழே, மேசையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தால் கொஞ்சம் தெளிந்த பகுதி ஒன்று தெரியும். பலரும் அதைப் பார்த்த உற்சாகத்தில் மிக வெளிச்சமாகத் தீட்டிவிடுகிறார்கள். நிழல் பக்கத்தில் இருக்கும் எதுவும் வெளிச்சப் பக்கத்தைவிடப் பிரகாசமாக இருக்காது. இதை மட்டும் காப்பாற்றினால் உருண்டை உருண்டையாகவே நிற்கும். தரையில் விழும் நிழல், முட்டை மேசையைத் தொடுகிற இடத்தில்தான் மிகக் கருமை. அங்கே விளிம்பும் கூர்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக மங்கிக் கரையும். வெள்ளைத் தாளை எடுத்துவிட்டுச் சிவப்புத் துணி விரித்தால் முட்டையின் அடிப்பகுதி செம்மை ஏறி நிற்பதையும் பார்ப்பீர்கள். இதை ஒரு வாரம் விடாமல் பென்சிலிலும் ஒற்றை நிறத்திலும் செய்துவிட்டு வண்ணத்துக்கு வாருங்கள்.

வண்ணத்தில் என் பரிந்துரை எலுமிச்சை. மஞ்சள் மிக வெளிச்சமான நிறம் என்பதால் அதன் நிழலைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கறுப்பைக் கலந்தால் மஞ்சள் பாசிப்பச்சைக்குப் போய்விடும், பழம் அழுகியதுபோல் ஆகிவிடும். யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளில் தொடங்கி, நிழல் அடர்ந்த இடத்தில் மட்டும் துளி ஊதா சேருங்கள். சாம்பல் நிறம் வேண்டிய இடங்களுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். கறுப்பு டியூபைப் பயிற்சிக் காலம் முழுக்கப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் கண் வேகமாகத் தேறும். எலுமிச்சைத் தோலின் பளபளப்புக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட வேண்டும். அந்தப் புள்ளி எங்கே வரும் என்று முதல் வாஷுக்கு (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சுக்கு) முன்பே பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நறுக்கிய பழங்களை வரைந்து பழகுவது நல்லது, ஏனென்றால் நேரத்தோடு போட்டி போட அது கற்றுத்தரும். வெட்டிய ஆப்பிளின் நொதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சதையைப் பழுப்பாக்கிவிடும். வெட்டுமுகத்தில் எலுமிச்சைச் சாறு தடவினால் கொஞ்சம் தள்ளிப்போகும். எப்படியிருந்தாலும் மாறுகிற பொருளை முதலில், மாறாத பொருளைக் கடைசியில். ரொட்டியும் கிண்ணமும் காத்திருக்கும், வெட்டிய ஆப்பிள் காத்திருக்காது. எத்தனை பொருள் வைப்பது என்று கேட்பவர்களுக்கு பிரெஞ்சு ஓவியர் மனேயின் கதையைச் சொல்வேன். 1880இல் அவர் ஒரு கட்டு அஸ்பாரகஸ் என்ற காய்கறித் தண்டுகளை வரைந்தார். விலை 800 ஃபிராங்க், வாங்கியவர் 1000 அனுப்பினார். மனே உடனே ஒற்றைத் தண்டு ஒன்றைச் சின்னதாக வரைந்து, கட்டிலிருந்து விடுபட்டது இது என்று அனுப்பிவைத்தார். மேசை விளிம்பில் கிடக்கும் அந்த ஒற்றைத் தண்டு ஒரு முழுப் படம். நீங்களும் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

கிண்ணம், குவளை வரைபவர்கள் வாய்வட்டத்தைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகும். அதன் இரு முனைகளும் கூர்மையாகாமல் வளைந்தே திரும்ப வேண்டும். நம் கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டம் அகலமாகும். அதனால் குவளையின் அடி, வாயைவிடச் சற்று அதிகமாக வளைய வேண்டும். அடியை நேர்கோடாக இழுத்துவிட்டால் எவ்வளவு நன்றாக வண்ணம் தீட்டினாலும் குவளை மேசையில் உட்காராது.

தெருக்காட்சிக்கு வருவோம். வெளியே உட்கார்ந்து வரையும்போது மாணவர்களைப் பயமுறுத்துவது நகரும் மனிதர்கள். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பயம் பாதி போய்விடும். சமதரையில் நீங்கள் நின்றபடி வரைந்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் உங்கள் கண்மட்டக் கோட்டிலேயே வரும். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே கோடு, தெருக்கோடியில் நடப்பவருக்கும் அதே கோடு. காலடிகள்தான் மேலும் கீழுமாக மாறும். இதைத் தெரியாமல் தூரத்து மனிதர்களைச் சின்னதாக்குவதாக நினைத்துத் தலையைக் கீழே இறக்கினால், அவர்கள் பள்ளத்தில் நடப்பதுபோல் தெரியும். அப்புறம், வேலை செய்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். எடை போடுகிறவர், பெருக்குகிறவர், காய் நறுக்குகிறவர் எல்லோரும் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு நிலைகளைத் தொடங்கி வைத்து, அந்தந்த நிலை வரும்போது அந்தந்தப் படத்தில் இரண்டு கோடு சேர்க்கலாம். முகத்தை விட்டுவிடுங்கள். தோளின் சாய்வும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதும் வந்துவிட்டால் ஆள் அடையாளம் தெரியும்.

வெயிலில் இன்னொரு சிக்கல், நிழல் நகரும். வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. எனவே உட்கார்ந்ததும் நிழல்களின் விளிம்பைக் குறித்து, ஒரே வாஷில் எல்லா நிழலையும் போட்டுவிடுங்கள். பிறகு நிழல் எங்கே போனாலும் அதைத் துரத்த வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஒரே இடத்தில் வரைந்தால் படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும்.

தெருவில் இப்படி வரைந்து நிரப்பும் குறிப்பேடுதான் இரண்டாம் தாளுக்கு முதலீடு. வான்கோ 1885இல் உருளைக்கிழங்கு உண்பவர்களை ஒரே விளக்கொளியில் அமைப்பதற்கு முன், அந்தக் குளிர்காலம் முழுக்க உழவர்களின் தலைகளையும் கைகளையும் தனித்தனியாக வரைந்து குவித்திருந்தார். தேர்வு அறையில் தலைப்பைப் பார்த்ததும் யோசிக்கத் தொடங்குகிறவருக்கும், குறிப்பேட்டில் வரைந்த உடல் தோரணைகள் கைக்குள் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காட்சியை அமைக்கும்போது கூட்டத்தை நிரப்ப ஆசை வரும். முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒரு வேலை, பின்னால் நிழலுருவங்கள் போதும்.

தேர்வு நாளில் உட்காரும் இடம் நம் கையில் இல்லை. வெளிச்சம் பொருட்களுக்குப் பின்னாலிருந்து வரும் இடம் கிடைத்தால் வருந்த வேண்டாம். எதிர்வெளிச்சத்தில் வடிவங்கள் பெரிய கரும்பரப்புகளாக எளிமையாகத் தெரியும். முதல் பதினைந்து நிமிடம் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சின்ன அமைப்புகள் போடுங்கள். வெளிச்சம், நடு, கருமை என்று மூன்றே டோன். எதில் பெரிய பரப்புகள் தெளிவாகப் பிரிகின்றனவோ அதை எடுங்கள். பென்சில் வரைவுக்கு அரை மணிக்குமேல் தராதீர்கள். தேர்வில் தரும் தாள் மெல்லியதாக இருக்கலாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளிலேயே பழகியவர்களுக்கு அது தண்ணீரில் நெளிவது திகைப்பைத் தரும், எனவே கடைசி மாதத்தில் மெல்லிய தாளிலும் குறைந்த தண்ணீரில் பயிலுங்கள். முதல் வாஷ் காயும் நேரத்தில் பின்துணியைத் தொடங்கலாம். பின்புலத்தை வெறுமையாக விடாதீர்கள். பொருளின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு மங்கிய நிறம் வந்தால்தான் அந்த வெளிச்சம் ஒளிரும்.

கடைசி இருபது நிமிடத்தில் எழுந்து, நாலடி தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். திருத்துபவர்கள் தாள்களைத் தரையில் பரப்பி, நின்றபடிதான் முதலில் பார்ப்பார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். அந்தத் தூரத்தில் பழம் எது, பாத்திரம் எது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் விவரங்களைச் சேர்க்காதீர்கள். பொருட்கள் மேசையைத் தொடும் இடங்களில் கருமையை இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.